கண் சிகிச்சை மையத்துக்கு உதவியாளர்களை எடுப்பதும் பழக்குவதும்: கேள்வி பதில்

கேள்வி: புதிதாக ஆள் எடுக்கிறோம். நேர்காணலில் எதைச் சோதிப்பது?

பத்துக் கண்ணாடி அளவுகளை வாய்விட்டுச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்: "வலது, மைனஸ் 2.25, சிலிண்டர் மைனஸ் 0.75, ஆக்சிஸ் 170" என்று வேகமாக. பிளஸ் மைனஸ் ஆகிறதா, வலது இடதாகிறதா என்று பாருங்கள். நடுவில் ஒன்றை வேண்டுமென்றே தெளிவில்லாமல் முணுமுணுங்கள். "திரும்பச் சொல்லுங்க" என்று கேட்பவரை எடுங்கள். தோன்றியதை எழுதி நிரப்புபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேண்டாம். அவர் எழுதும் எண்ணை நம்பித்தான் மருத்துவர் முடிவெடுப்பார்.

அடுத்து, காது மந்தமான ஒரு முதியவருக்குச் சொட்டு மருந்து விடும் நேரங்களை விளக்கச் சொல்லுங்கள். குரலை மட்டும் உயர்த்துகிறாரா, முகத்துக்கு நேராக நின்று நிறுத்திச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாரா என்பது இரண்டே நிமிடத்தில் தெரியும்.

கேள்வி: பார்வை அளவு எடுக்க எந்த வரிசையில் சொல்லித்தருவது?

முதலில் தூரம். சார்ட் 6 மீட்டருக்கானது என்றால், தரையில் டேப் ஒட்டி நாற்காலியின் இடத்தை நிலையாக்குங்கள். தூரத்தைப் பார்க்கக் கண்ணாடி உள்ளவர் அதைப் போட்டுக்கொண்டே படிக்கட்டும். போட்டிருந்தார் என்பதையும் எழுத வேண்டும். வலது கண்ணில் தொடங்குங்கள். மறு கண்ணை மறைப்பானால் மூடுங்கள். விரல்களால் மூடினால் இடுக்கு வழியே பார்ப்பார். அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது மங்கலாகத் தெரியும். கண்ணைச் சுருக்கிப் பார்க்க விடாதீர்கள்.

"தெரியல" என்றதும் நிறுத்துவதுதான் புதியவர்களின் பொதுவான தவறு. "தோணுறதைச் சொல்லுங்க" என்று ஊக்கினால் பலர் இன்னொரு வரி படிப்பார்கள். தவறவிட்ட எழுத்துகளையும் குறியுங்கள்: 6/9, கழித்தல் 2. அதாவது சாதாரணக் கண் 9 மீட்டரில் படிக்கும் வரியை 6 மீட்டரில் படித்தார், இரண்டு எழுத்து தவறின. இடது கண்ணுக்கு வரியைப் பின்னிருந்து படிக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மனப்பாடத்தைத்தான் அளப்பீர்கள்.

6/9க்குக் குறைந்தால் பின்ஹோல், அதாவது சிறு துளையுள்ள மறைப்பான் வழியே படிக்க வைப்பது. அதில் கூடினால் பெரும்பாலும் கண்ணாடிப் பிரச்சினை. கூடாவிட்டால் மருத்துவர் காரணம் தேட வேண்டும். சார்ட்டின் மேல் வரியே (6/60) தெரியாதவரை 3 மீட்டருக்குக் கொண்டுவந்து 3/60 பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விரல் எண்ணுதல், கையசைவு, கடைசியாக வெளிச்சம் தெரிகிறதா, எந்தத் திசையிலிருந்து என்பது.

இவை எல்லாம் பாவையை (கண்ணின் நடுவே ஒளி நுழையும் கருந்துளையை) விரிக்கும் சொட்டுக்கு முன்பு முடிய வேண்டும்.

கேள்வி: எத்தனை நாளில் தனியாக விடலாம்?

நாள் கணக்கு வேண்டாம். ஒரே நோயாளியை மூத்தவரும் புதியவரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் அளக்கட்டும். தொடர்ந்து 20 பேருக்குப் பார்வை ஒரு வரிக்குள்ளும், கண் அழுத்தம் 2 மி.மீ. பாதரசத்துக்குள்ளும், லென்சோமீட்டர் (கண்ணாடியின் பவரை அளக்கும் கருவி) அளவு 0.25க்குள்ளும் ஒத்துப்போக வேண்டும். ஒன்று பிசகினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுங்கள்.

கேள்வி: சம்பளம், விடுப்பு விதிகள்?

என் துறை இல்லை. கணக்காளரைக் கேளுங்கள்.

கேள்வி: அனுபவசாலியா, புதியவரா?

புதியவர். சுருக்குவழி பழகிய கையைத் திருத்துவதைவிட, பழகாத கைக்குச் சொல்லித்தருவது எளிது.

மறுப்பு: ஒத்துக்கொள்ள முடியாது. ஏ-ஸ்கேன் (கண்புரை அறுவைக்கு முன் ஒலியலையால் கண்ணின் நீளத்தை அளப்பது) எடுக்கப் புதியவரை விட்டால், பொருத்தும் லென்ஸின் பவரே தவறாகிவிடும்.

ஆபத்து நீங்கள் சொல்வதுதான். கருவியின் முனையைக் கருவிழியில் கொஞ்சம் அழுத்தினாலே கண்ணின் நீளம் குறைந்து காட்டும். 1 மி.மீ. பிசகு ஏறக்குறைய 2.5 முதல் 3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) வரை போகும். லென்ஸ் தேவைக்கு அதிகப் பவரில் அமைந்து, நோயாளிக்குத் தூரம் மங்கும். ஆனால் அழுத்துவது அனுபவசாலியும் செய்வதுதான், அவசரத்தில்.

மறுப்பு: அழுத்தியதை அனுபவசாலி கண்டுபிடிப்பார். புதியவருக்கு வரைபடமே புரியாது.

சரி, இந்த ஒரு வேலைக்கு உங்கள் பக்கம் வருகிறேன். அங்கும் ஆண்டுக் கணக்கைக் கேட்காமல் செய்துகாட்டச் சொல்லுங்கள். வரைபடத்தின் கூர்முனைகள் நெட்டுக்குத்தாக எழுகின்றனவா? ஐந்து அளவுகள் ஒன்றுக்கொன்று நெருங்கி இருக்கின்றனவா? இரு கண்களுக்கும் 0.3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் தானாகவே மறுபடி எடுக்கிறாரா? மரத்துப்போகும் சொட்டு விடுவதற்கு முன்பே கெரட்டோமீட்டர் அளவை (கருவிழியின் வளைவை) முடித்தாரா? கான்டாக்ட் லென்ஸ் போடுபவரா, எப்போது கழற்றினார் என்று கேட்டாரா? இவற்றுக்கு "ஆம்" என்றால் எடுங்கள். பத்தாண்டுச் சான்றிதழோடு வந்து இதில் தடுமாறுபவர் வேண்டாம்.

கேள்வி: பயிற்சி மொத்தம் எத்தனை மாதம்?

மேலே பதில் இருக்கிறது. 20 பேர்.

கேள்வி: பாவையை விரிக்கும் சொட்டை உதவியாளர் விடலாமா?

மருத்துவரின் எழுத்து உத்தரவும், உங்கள் ஊர்ச் சட்டத்தின் அனுமதியும் இருந்தால் விடலாம். முன்பே சொன்னேன், மறுபடி சொல்கிறேன்: பார்வை, கண் அழுத்தம், பாவையின் ஒளி எதிர்வினை மூன்றும் ஏட்டில் ஏறாமல் குப்பியைத் திறக்கக் கூடாது. பாவை விரிந்தபின் பார்வை நரம்புக் கோளாறைக் காட்டும் எதிர்வினையைப் பார்க்கவே முடியாது. ஒவ்வாமை, குறுகிய கோணம் (கண்ணுக்குள் நீர் வடியும் வழி குறுகியிருப்பது) பற்றிக் கேளுங்கள். பல நாடுகளில் இந்த மருந்துக்குச் சிவப்பு மூடி. ஆனாலும் லேபிளைப் படிக்காமல் விடக் கூடாது. தானே வண்டி ஓட்டி வந்தவரா என்பதையும் சொட்டுக்கு முன்பே கேளுங்கள்.

கேள்வி: தொலைபேசி எடுப்பவருக்கு என்ன பயிற்சி?

திடீர்ப் பார்வை இழப்பு, வாந்தியோடு கண்வலி, மின்னலும் திரை விழுந்ததுபோன்ற மறைப்பும், குத்துக்காயம்: உடனே வரச் சொல்ல வேண்டும். குத்துக்காயத்தில் அழுத்தக் கூடாது, சொட்டு விடக் கூடாது. சுண்ணாம்போ அமிலமோ பட்டிருந்தால் "வாங்க" என்பதற்கு முன் "இப்பவே தண்ணியில கழுவுங்க" என்று சொல்லட்டும். மையத்துக்கு வந்தபின்னும் குறைந்தது 30 நிமிடம் கழுவல். பார்வை அளவெல்லாம் அப்புறம். முதலில் அளவு என்ற விதிக்கு இங்கே விலக்கு.

கேள்வி: கண் அழுத்தம் அளக்கும் டோனோமீட்டரின் முனையை ஸ்பிரிட்டால் துடைத்தால் போதுமா?

"மெட்ராஸ் ஐ" எனும் கண்வலியைப் பரப்பும் அடினோவைரஸுக்குப் போதாது. பத்தில் ஒரு பங்காகக் கலந்த பிளீச்சில் 5 முதல் 10 நிமிடம் ஊறவையுங்கள். கரைசலைத் தினம் புதிதாகக் கலக்க வேண்டும். பிறகு நன்றாக அலசிக் காயவைக்க வேண்டும். மிச்சமிருக்கும் பிளீச் கருவிழியைப் புண்ணாக்கும். இரண்டு முனைகளாவது வைத்திருங்கள், இல்லாவிட்டால் கூட்ட நேரத்தில் யாரும் ஊறவைக்க மாட்டார்கள்.