தொலைக்காட்சிச் செஃப் என்றால் யார்? ஜேக்கப்பை மதுரைப் பக்கம் இன்னும் ஏன் நினைக்கிறார்கள்?

சமைத்துக்கொண்டே, ஏன் அப்படிச் செய்கிறோம் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பவரே தொலைக்காட்சிச் செஃப். ருசி பார்க்கக் கொடுக்க அவரால் முடியாது. கண்ணுக்கும் காதுக்கும்தான் பரிமாற வேண்டும்.

ஜேக்கப் சகாய குமார் அருணி தேனி மாவட்டம் உத்தமபாளையத்துக்காரர். மதுரைக்காரர்களுக்கு, கிட்டத்தட்ட நம் ஊர்ப் பிள்ளை. சன் டிவியின் ‘ஆஹா என்ன ருசி’ நிகழ்ச்சியால் வீடுதோறும் தெரிந்தவர். 2012 நவம்பர் 4 அன்று, 38 வயதில் மாரடைப்பால் காலமானார். சமைக்கிற வயதுதான் அது, சாகிற வயதல்ல.

நினைவு நிற்பதற்குக் காரணம் எளிது. ‘எண்ணெய் பிரியும்வரை வதக்கவும்’ என்று எந்தப் புத்தகமும் எழுதிவிடும். சின்ன வெங்காய மசாலா சுருண்டு, சட்டி ஓரத்தில் எண்ணெய் சிறு குமிழிகளாகக் கசியும் அந்த நொடியை எழுத்தில் பிடிப்பது கடினம்; திரையில் ஒருமுறை பார்த்தால் போதும். மாசி வீதிகளில் வழி கேட்டால் சிலர் கையை மட்டும் நீட்டுவார்கள், சிலர் திருப்பம்வரை கூடவே வருவார்கள். இவர் கூடவே வந்தவர். அதிலும் கொங்கு நாட்டுச் சமையல் போன்ற வட்டார, பழந்தமிழ் உணவுகளைத் தேடி எடுத்து வந்தது எனக்குப் பெரிதாகப் படுகிறது. நட்சத்திர ஓட்டல் அனுபவமுள்ளவர் நாட்டுச் சமையலை மதித்துப் பேசினால், வீட்டில் அம்மாவின் குழம்புக்கும் மரியாதை கூடுகிறது.

ஒன்று மட்டும்: திரையில் அரை மணி நேரத்தில் முடிவதைப் பார்த்து நம் கை மெதுவோ என்று நினைக்க வேண்டாம்; ஊறவைத்ததும் அரைத்ததும் நறுக்கியதும் கேமரா ஓடுவதற்கு முன்பே முடிந்திருக்கும்.