செடிகளைத் தின்னும் நத்தைகளை எப்படித் தடுப்பது?

ஐப்பசி மழை தொடங்கியதும் கடலூர், புதுச்சேரி வீட்டுத் தோட்டங்களில் கீரையும் கத்தரி நாற்றும் ஒரே இரவில் மொட்டையாகிவிடுவது உண்டு. காலையில் மினுமினுக்கும் பசைக்கோடு தெரிந்தால், வந்து போனது நத்தைதான். முதுகில் ஓடு உள்ள நத்தை, ஓடில்லா நத்தை என இரண்டு வகை. இரண்டின் நாக்கும் தேங்காய்த் துருவி மாதிரி. நுண்ணிய பற்களால் இலையைச் சுரண்டியே தின்னும்.

அவற்றின் உடல் நனைத்த துணி போன்றது, வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும். அதனால்தான் பகலில் தொட்டிக்கு அடியிலும் சருகிலும் ஒளிந்திருந்து, இருட்டியதும் கிளம்புகின்றன. இது புரிந்தால் பாதி வேலை முடிந்தது. சாயங்காலம் தண்ணீர் ஊற்றுவதை விட்டு, காலையில் ஊற்றுங்கள். இரவுக்குள் மேல்மண் உலர்ந்துவிடும். சருகை அள்ளிவிடுங்கள்.

அப்புறம், நான் அதிகம் நம்புவது சாக்குப் பொறியை. பழைய கோணிச்சாக்கை நனைத்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வைத்து, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். விடிந்ததும் தூக்கிப் பார்த்தால் அடியில் ஒட்டியிருக்கும். பொறுக்கி, சோப்பும் உப்பும் கரைத்த வாளித் தண்ணீரில் போடுங்கள். கையுறை கட்டாயம், சில நத்தைகளில் மனித மூளையைத் தாக்கும் ஒட்டுண்ணிப் புழு இருக்கும். பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒரு தடவைக்கு 100 முட்டைக்கு மேலும் இடும் என்பதால், மழைக்காலம் முழுக்க விடாமல் செய்ய வேண்டும்.

செடியைச் சுற்றி உப்பைத் தூவினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். நத்தை சாகும், ஆனால் அந்த உப்பு மழையில் கரைந்து வேருக்கு இறங்கிச் செடியையும் வாட்டிவிடும்.