நடுராத்திரிக் காணாக்கடி

கேள்வி: எனக்கு வயது 47. அமெரிக்காவில் மிசௌரி மாநிலம், செயின்ட் லூயிஸ் அருகே இருக்கிறோம். இரண்டு வருடமாக இங்கே ஒரு குதிரை கிளப்பில் உறுப்பினர். மாதம் ஒரு முறை பதினைந்து இருபது பேர் சேர்ந்து ஓசார்க் மலைக்காட்டுக்குள் சவாரி போய், கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்கிவிட்டு வருவோம். போன ஆகஸ்ட் முகாமில் கணுக்காலைச் சுற்றிப் பொடிப்பொடியாக உண்ணிகள் ஏறிவிட்டன. இரண்டு வாரம் அரித்தது. தீபாவளி அன்று இரவு மட்டன் பிரியாணி சாப்பிட்டுப் படுத்தவள், ஒரு மணிக்கு உடம்பெல்லாம் தடித்து எழுந்தேன். கறி சரியில்லை என்று நினைத்துக்கொண்டேன். இந்த ஏப்ரல் முகாமில் இரவுச் சாப்பாட்டுக்குப் பன்றி விலாக்கறி. அன்றும் நடுராத்திரி அதே தடிப்பு, கூடவே வயிற்றுவலி, உதடு வீக்கம், எழுந்து நின்றால் தலைசுற்றல். தோழி கொடுத்த அலர்ஜி மாத்திரையில் விடிவதற்குள் அடங்கியது. குதிரைதான் ஒத்துக்கொள்ளவில்லை, சவாரியை விட்டுவிடு என்கிறார் கணவர். விட்டுத்தான் ஆக வேண்டுமா? அடுத்த முகாம் ஜூன் கடைசியில். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன்.

பதில்: சகோதரி, உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது நேரக் கணக்குதான். இரவுச் சாப்பாடு முடிந்து சில மணி நேரம் கழித்து, நல்ல தூக்கத்தில் உடம்பெல்லாம் தடிக்கும் காணாக்கடி. குதிரை அலர்ஜி இப்படி வராது. அது இருந்தால் குதிரையைத் தேய்த்துவிடும்போதே தும்மல் வரும், கண் அரிக்கும், மூச்சு இழுக்கும். நீங்கள் நாள் முழுக்கச் சேணத்தில் இருந்துவிட்டு நன்றாகத்தான் படுத்திருக்கிறீர்கள்.

ஆகஸ்டில் உண்ணிக்கடி, அடுத்த சில மாதங்களில் ஆட்டுக்கறி, பிறகு பன்றிக்கறி. மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு வந்திருப்பது ஆல்ஃபா-கேல் அலர்ஜி என்றே நினைக்கிறேன். ஆல்ஃபா-கேல் ஒரு சர்க்கரைப் பொருள். ஆடு, மாடு, பன்றி, மான் என்று பாலூட்டிகளின் உடம்பில் எல்லாம் இருக்கிறது. மனிதனிலும் நமக்கு நெருங்கிய குரங்கினங்களிலும் கிடையாது. உங்கள் பகுதியில் நிறைய இருக்கும் லோன் ஸ்டார் உண்ணி கடிக்கும்போது அதன் எச்சில் வழியாக இந்தச் சர்க்கரை தோலுக்குள் போகிறது. உடம்பு அதை எதிரியாகப் பதிவுசெய்து வைத்துக்கொள்கிறது. பிறகு கறி சாப்பிட்டால், கொழுப்போடு சேர்ந்து மெதுவாக ரத்தத்தில் கலந்து, இரண்டு முதல் ஆறு மணி நேரத்தில் வினை தொடங்குகிறது. கொழுப்பு அதிகமுள்ள விலாக்கறி, அன்றைக்கு முழுக்கச் சவாரி செய்த களைப்பு, அதோடு ஒரு பீர் என்றால் வேகம் கூடும்.

இது கண்டுபிடிக்கப்பட்ட விதமும் உங்கள் பகுதியைத் தொட்டதுதான். செட்டுக்சிமாப் என்ற புற்றுநோய் மருந்தை ஏற்றியதும் டென்னசி, வட கரோலினா, ஆர்கன்சா, மிசௌரி நோயாளிகளில் பலருக்குக் கடுமையான அலர்ஜி வந்தது. மற்ற பகுதிகளில் அவ்வளவு இல்லை. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழு அந்த மருந்தில் இருந்த ஆல்ஃபா-கேல்தான் காரணம் என்று 2008-இல் எழுதியது. 2009-இல் இறைச்சி அலர்ஜியோடு அதை இணைத்தது. பிளாட்ஸ்-மில்ஸுக்கே மலை நடைப்பயணத்தில் பொடி உண்ணிகள் கடித்து, பிறகு ஆட்டுக்கறி சாப்பிட்ட இரவில் உடம்பு தடித்தது. 2010-க்குப் பிறகு அமெரிக்காவில் நாலரை லட்சம் பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2023-ஆம் ஆண்டுக் கணக்கு. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வில், கேட்கப்பட்ட மருத்துவப் பணியாளர்களில் 42 சதவீதம் பேர் இந்த நோயைக் கேள்விப்பட்டதே இல்லை. ஆகவே ‘ஆல்ஃபா-கேல் ஐஜிஇ’ (அந்தச் சர்க்கரைக்கு எதிரான அலர்ஜி எதிர்ப்பொருள்) ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். உண்ணிக்கடி பட்ட பலருக்கு நோய் இல்லாமலே இது பாசிட்டிவ் வரும். முடிவை உங்கள் இரண்டு ராத்திரிக் கதையோடு சேர்த்துத்தான் அலர்ஜி மருத்துவர் தீர்மானிப்பார்.

ஏப்ரல் இரவுதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. தடிப்போடு உதடு வீங்கி, வயிறு வலித்து, நின்றால் தலை சுற்றியது என்றால் அது அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. தோழி கொடுத்த அலர்ஜி மாத்திரை தடிப்பை அடக்கும். இறங்கும் ரத்த அழுத்தத்தைத் தூக்கி நிறுத்தாது. அதற்கு எபிநெஃப்ரின் (அட்ரினலின்) ஒன்றுதான் மருந்து. தானியங்கி ஊசி இரண்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சேணப்பையில் வைக்காதீர்கள்; குதிரை மிரண்டு ஓடினால் ஊசியும் அதோடு போய்விடும். வெயிலில் நிற்கும் வண்டியிலும் வேண்டாம், சூட்டில் மருந்து கெடும். இடுப்புப் பையில், உங்கள் உடம்போடு இருக்கட்டும். இரவில் தலையணைக்குப் பக்கத்தில்.

கூட வருகிறவர்களில் இருவருக்காவது போடச் சொல்லிக்கொடுங்கள். தொடையின் வெளிப்பக்கம், பேண்ட் மேலேயே குத்தலாம். போட்டதும் படுத்துக் காலை உயர்த்த வேண்டும். மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரலாம். ‘குதிரையில் ஏற்றிச் சாலை வரைக்கும் கொண்டுபோய்விடலாம்’ என்று யாராவது சொல்வார்கள், கூடவே கூடாது. அந்த நேரத்தில் எழுந்து நின்றாலே உயிருக்கு ஆபத்து. அடங்காவிட்டால் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் இரண்டாவது ஊசி. 911-ஐ உடனே அழைக்க வேண்டும். ஓசார்க் பள்ளத்தாக்குகளில் செல்போன் சிக்னல் கிடைக்காத இடங்கள் நிறைய. செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கருவி ஒன்று கிளப்பில் இருக்கிறதா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.

உங்கள் ரத்த அழுத்த மாத்திரையின் பெயரை எழுதவில்லை. அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை என்றால் எபிநெஃப்ரின் முழுதாக வேலை செய்யாமல் போகலாம். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாற்ற முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டில் கோழி, வான்கோழி, மீன், முட்டை தாராளமாகச் சாப்பிடலாம். ஆடு, மாடு, பன்றி, மான் வேண்டாம். குடல், ஈரல், ஆட்டுக்கால் சூப்பும் வேண்டாம். முகாம் சாப்பாட்டில் ஒளிந்திருப்பதைத்தான் கவனிக்க வேண்டும்: பீன்ஸ் குழம்பில் கிடக்கும் பன்றித் துண்டு, பன்றிக் கொழுப்பில் சுட்ட ரொட்டி, பன்றிக் குடலில் அடைத்த கோழி சாசேஜ், கறி வாட்டிய அதே கம்பியில் வாட்டிய மீன். நெருப்பில் வாட்டும் மார்ஷ்மெல்லோவில் மாடு, பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கிறது. பால், தயிர், நெய் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். உங்களுக்கு ஒத்துக்கொள்கிறது என்றால் நிறுத்த வேண்டியதில்லை. உங்கள் காடுகளில் காப்பர்ஹெட் பாம்புகள் உண்டு. அதற்கான விஷமுறிவு மருந்து ஆட்டிலிருந்தோ குதிரையிலிருந்தோ எடுப்பது. கடிபட்டால் மருந்தை மறுக்காதீர்கள், ஆனால் இந்த அலர்ஜியைச் சொல்லிவிடுங்கள்.

சரி, சவாரி. விட வேண்டாம். ஆனால் இனி ஒரு உண்ணியும் கடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய கடி இல்லாவிட்டால் எதிர்ப்பொருள் வருடக்கணக்கில் மெல்லக் குறைந்து, சிலர் மறுபடி கறி சாப்பிடும் நிலைக்கே வருகிறார்கள். ஒவ்வொரு கடியும் அதைத் திரும்ப ஏற்றிவிடும்.

பூட்ஸ், காலுறை, பேண்ட், கூடாரம் எல்லாவற்றிலும் 0.5 சதவீத பெர்மெத்ரின் பூச்சிக்கொல்லி அடித்து, நன்றாகக் காயவிட்டுப் பயன்படுத்துங்கள். தோலில் அடிக்கக் கூடாது. வீட்டில் பூனை இருந்தால் ஈரம் காயும்வரை அண்டவிடாதீர்கள், அதற்கு விஷம். தோலுக்கு டீட் கலந்த பூச்சிவிரட்டி. ஒற்றையடிப் பாதையில் புதர் உரசுவது உங்கள் முழங்காலைத்தான். மதியம் இறங்கி விழுந்த மரத்தில் உட்காராதீர்கள். லோன் ஸ்டார் உண்ணி புல் நுனியில் சும்மா காத்திருக்காது, மூச்சுக்காற்றை மோப்பம் பிடித்து ஊர்ந்து வரும். ஆகவே குதிரைகளைக் கட்டும் கயிற்றுக்குப் பக்கத்தில் கூடாரம் வேண்டாம். மாலையில் குதிரையின் பிடரி, வாலடி, காதுக்குள், தொடையிடுக்கு பார்க்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கசகசா மாதிரிப் பொடி உண்ணிகள் காலில் ஏறியிருந்தால் பட்டையான ஒட்டு டேப்பை ஒற்றி ஒற்றி எடுங்கள். கடித்திருப்பதை நுனி கூர்மையான இடுக்கியால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சி, எண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் துணிகளைத் துவைப்பதற்கு முன்பே டிரையரில் அதிகச் சூட்டில் பத்து நிமிடம் சுழலவிடுங்கள்.

முகாமிலிருந்து வந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், தோலில் சிவப்புப் புள்ளி வருமா என்று காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போய் உண்ணிக்கடியைச் சொல்லுங்கள். உண்ணி பரப்பும் ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சல் அதிகம் வரும் மாநிலங்களில் மிசௌரியும் ஒன்று. அதற்கான மருந்தான டாக்சிசைக்ளினை முதல் ஐந்து நாளுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன்.

ஜூன் கடைசிக்குள் பரிசோதனை முடிவு வந்துவிடும். அதுவரை பாலூட்டிக் கறி எதையும் தொடாதீர்கள். ஊசி இடுப்பில் இருந்தால் முகாமுக்குப் போய் வாருங்கள், உங்கள் கணவரிடமும் இந்தப் பதிலைக் காட்டுங்கள்.