ஊசிப் பரிசோதனையில் புற்றுநோய் சந்தேகம், கட்டியை எடுத்துப் பார்த்தால் பைலோமேட்ரிக்கோமா: எதை நம்புவது?

கட்டியை முழுதாக எடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டை நம்புங்கள். பிள்ளைக்காகக் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். பைலோமேட்ரிக்கோமா பெரும்பாலும் 20 வயதுக்குள்தான் வரும், அதுவும் முகம், கழுத்துப் பக்கம். முடியை உருவாக்கும் மயிர்க்கால் செல்களிலிருந்து கிளம்புகிற, புற்றுநோய் அல்லாத சாதாரணக் கட்டி.

ஊசியில் எடுத்ததைப் பார்த்துப் புற்றுநோய் என்று சந்தேகிக்கும் இதே தவறை நான் செய்திருக்கிறேன். திசுக்களைப் பார்த்து நோயைக் கண்டறியும் பேத்தாலஜி படித்துக்கொண்டிருந்த காலம். ஊசியில் எடுத்த ஸ்லைடு ஒன்று வந்தது. சின்னச் சின்னச் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு, உட்கரு கருநீலமாக, நடுநடுவே பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் வேறு. 'புற்றுநோய் சந்தேகம்' என்று எழுதிவிட்டேன். அது ஒரு சிறுமியின் கன்னத்துக் கட்டி என்பதே பிறகுதான் தெரிந்தது.

கட்டியை அகற்றி அனுப்பினார்கள். வெட்டும்போதே உள்ளே படிந்த சுண்ணாம்பு கத்தியில் நறநறத்தது. மைக்ரோஸ்கோப்பில் ஓரத்தில் அதே கருநீலச் செல்கள். உள்ளே போகப் போக இளஞ்சிவப்பாகி, உட்கரு இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. பேய்ச் செல்கள் என்போம். உயிர் போய் உருவம் மட்டும் மிஞ்சியவை. அவற்றை அப்புறப்படுத்த வந்த ராட்சத செல்கள் சுற்றிலும். பழைய ஸ்லைடை எடுத்துத் தேடினேன். ஒரு மூலையில் பேய்ச் செல்கள் இருக்கத்தான் செய்தன. தோலிலும் முடியிலும் இருக்கும் வெறும் கெராட்டின் புரதம் என்று தாண்டிப் போயிருக்கிறேன். அந்தக் குடும்பம் அழுத அழுகைக்கு நானும் காரணம்.

அதற்காக ஊசிப் பரிசோதனையே பொய் என்று யாரும் வர வேண்டாம். ஊசியில் வருவது ஒரு துளி. கருநீலப் பகுதியில் குத்தினால் அதுதான் வரும். 1880-இல் இந்தக் கட்டியை முதலில் விவரித்த பிரெஞ்சு மருத்துவர்கள் மால்ஹெர்பும் ஷெனான்டேயும்கூட எண்ணெய்ச் சுரப்பியின் கட்டி என்றே நினைத்தார்கள். மயிர்க்காலைச் சொல்லும் இப்போதைய பெயர் வந்தது 1961-இல். பிரியும் செல்கள் இருப்பதாலேயே புற்றுநோய் ஆகிவிடாது. இதன் புற்றுநோய் வடிவம் மிக அபூர்வம். அதில் செல்கள் சுற்றியுள்ள திசுவுக்குள் ஊடுருவும். அதைப் பார்க்க முழுக்கட்டி வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அன்று ஸ்லைடோடு வந்த படிவத்தில் 'கட்டி' என்ற ஒரே சொல்தான். வயதில்லை, இடமில்லை. இன்றைக்கும் மருத்துவர்கள் அப்படித்தான் அனுப்புகிறார்கள். கேட்கலாம் என்று போன் செய்தால் எடுப்பதில்லை. ரிப்போர்ட் எப்போது வரும் என்று மட்டும் மூன்று முறை கேட்பார்கள். இரண்டு வரி எழுத அவ்வளவு நேரமா ஆகிவிடும்?

சரி, உங்கள் ரிப்போர்ட்டில் கட்டி முழுதாக வந்துவிட்டதா, ஓரத்தில் மிச்சம் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மிச்சம் இருந்தால் அதே இடத்தில் திரும்ப வரக்கூடும்.