மேடையை மட்டும் காட்டாதீர்கள்

கேள்வி: கும்பகோணத்தில் மெயின் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி எங்கள் கல்யாண மண்டபம் இருக்கிறது. அப்பா கட்டியது, இப்போது நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஒருவர் வந்து, மண்டபம் முழுக்க 360 டிகிரி படம் எடுத்து 'விர்ச்சுவல் டூர்' (போனிலேயே உள்ளே சுற்றிப் பார்க்கிற மாதிரி) போட்டுவிட்டால் கூகுளில் முதல் இடத்துக்கு வந்துவிடலாம் என்றார். 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: டூர் எடுங்கள், நல்ல யோசனைதான். ஆனால் முதல் இடம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் எடுக்காதீர்கள். விளம்பரம் என்று போட்டு மேலே வருவது வேறு. மற்றபடி, உள்ளூர்க் கடைகளின் வரிசையில் காசு கொடுத்து மேலே வர வழியே கிடையாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. தேடியதற்கு உங்கள் இடம் எவ்வளவு பொருந்துகிறது, தேடுகிறவருக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு பேருக்குத் தெரிந்த இடம், இந்த மூன்றையும் வைத்துத்தான் வரிசை அமைகிறது.

அதனால் முதலில் செலவே இல்லாத வேலையை முடியுங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் மண்டபத்துக்கென்று வரும் பக்கம், 2021 வரை மை பிசினஸ் என்ற பெயரில் இருந்தது) உங்கள் கையில் இருக்கிறதா, போன் நம்பர் சரியா, மேப்பில் புள்ளி உங்கள் கேட்டில்தான் நிற்கிறதா அல்லது பின்பக்கச் சந்தில் நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளே தள்ளி இருக்கும் மண்டபத்துக்கு இந்தப் புள்ளி தப்பாக இருந்தால் முகூர்த்த நாளில் பாதிப் பேர் தெருத் தெருவாகச் சுற்றுவார்கள்.

சரி, டூரால் என்ன லாபம்? உங்களைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டவர் முடிவெடுக்க அது உதவும். பெண் வீட்டு அப்பா நேரில் வந்து பார்த்துவிட்டுப் போவார், பணம் அனுப்பப் போகிற அண்ணன் சிங்கப்பூரில் இருப்பார், அவர் ராத்திரி போனில் மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு "சரிப்பா, இதையே பேசிடுங்க" என்று சொல்ல வேண்டும். அவருக்கு மேடை அலங்காரம் முக்கியமில்லை, அது எல்லா மண்டபத்திலும் இருக்கிறது. டைனிங் ஹாலில் ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும், கை கழுவும் இடம் எங்கே, பெண் அறையில் ஏசி உண்டா, பாத்ரூம் எப்படி இருக்கிறது, பாட்டியை வீல்சேரில் மேடை வரை கொண்டுபோக முடியுமா, கார் எங்கே நிற்கும் என்றுதான் பார்ப்பார். நிறைய டூர்களில் கேமரா மேடையோடு நின்றுவிடுகிறது, பார்க்கிறவருக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். பாத்ரூமைக் காட்டத் தயங்கினால் முதலில் பாத்ரூமைச் சரிசெய்யுங்கள்.

எடுப்பதற்கு ஆடி மாதம் தோது, மண்டபம் காலியாக இருக்கும். ஆனால் வெறும் ஹாலாக எடுத்தால் அளவே தெரியாது. நாற்காலிகளை வரிசையாகப் போடுங்கள், டைனிங் ஹாலில் ஒரே ஒரு வரிசைக்காவது மேஜை விரித்து இலை போட்டு வையுங்கள், பார்க்கிறவர் மீதியைக் கணக்குப் போட்டுக்கொள்வார். எல்லா விளக்கையும் எரியவிட்டு, கண் உயரத்தில் கேமராவை நிறுத்தி, அடுத்து கேமரா நிற்கப் போகிற இடம் இங்கிருந்தே தெரிகிற மாதிரி வாசல் வாசலாக நகர்ந்து எடுக்க வேண்டும். அந்தக் கேமராவுக்கு நாலு பக்கமும் கண் என்பதால் எடுக்கிறவர் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு போனிலிருந்துதான் அழுத்துவார். நடக்கிற கல்யாணத்தில் மட்டும் எடுக்காதீர்கள். அவர்கள் வீட்டு விசேஷத்தை அவர்கள் சம்மதம் இல்லாமல் ஊருக்குக் காட்டுவது சரியில்லை.

அப்புறம் அந்த 40,000. இதில் கூகுளுக்கு ஒரு பைசா போகாது, முழுக்க எடுக்கிறவரின் கூலி. டூர் உங்கள் புரொஃபைலிலேயே ஏறுமா அல்லது அவருடைய தளத்தில் வருடச் சந்தாவோடு கிடக்குமா என்று கேளுங்கள். சந்தா நின்றால் டூரும் போய்விடும். மூலப்படங்களைப் பென் டிரைவில் தர வேண்டும், அவை உங்களுக்கே சொந்தம் என்று எழுதி வாங்குங்கள். வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு லென்ஸ் 360 கேமராவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துத் தனித்தனிப் படமாகவாவது மேப்பில் ஏற்றிப் பார்க்கலாம். படம் உயரத்தைப் போல இரண்டு மடங்கு அகலமாக, குறைந்தது 7.5 மெகாபிக்சல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: தஞ்சாவூரில் வீட்டு வாசலிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். எனக்கும் டூர் வேண்டுமா?

பதில்: வேண்டாம்மா. மாவு வாங்க வருகிறவர் உள்ளே சுற்றிப் பார்க்கப் போவதில்லை. ரோட்டிலிருந்து போர்டு தெளிவாகத் தெரிகிற மாதிரி சாயங்காலம் ஒரு படம், கிரைண்டர் சுத்தமாக இருக்கும்போது ஒரு படம் போதும். திறக்கிற நேரத்தைச் சரியாகப் போடுங்கள். மாவு 8 மணிக்கே தீர்ந்துவிடும் என்றால் மூடும் நேரம் 10 என்று போடாதீர்கள், 8 என்றே போடுங்கள்.