இரவுத் தூண்டில் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குடியாத்தம் பக்கம். நானும் இரண்டு நண்பர்களும் சனிக்கிழமை இரவுகளில் ஏரிக்கரையில் தூண்டில் போடுவோம். போன மாதம் ஒருநாள் கனமாக இழுத்தது. விலாங்கு என்று நினைத்துத் தூக்கினால் பாம்பு. பழுப்பும் மஞ்சளும் கலந்த உடம்பில் கறுப்புக் கட்டங்கள். கழியைப் போட்டுவிட்டு ஓடிவிட்டோம். அடுத்த முறை கோழிக்குடல் மாட்டிய முள்ளை ஆமை விழுங்கிவிட்டது. எடுக்க முடியாமல் தூண்டில் நரம்பை அறுத்துவிட்டோம். செய்தது சரியா?

பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றும்போது மோர்தானா அணைக்குப் போகலாம் என்கிறான் நண்பன். காடு என்பதால் யோசனையாக இருக்கிறது. பாம்புக்குச் சுற்றிலும் பினாயில் தெளித்து, பூண்டு நசுக்கிப் போட்டால் போதும் என்கிறார்கள். வேறு என்ன எடுத்துப் போகவேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பினாயிலும் பூண்டும் வீட்டிலேயே இருக்கட்டும். இரண்டும் பாம்பைத் தடுக்காது. வட்டம் போட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் நீங்கள் தரையைப் பார்க்காமல் உட்கார்ந்துவிடுவீர்கள், கெடுதல் அதுதான். பினாயில் வடிந்து சேரும் இடமும் மீன் இருக்கிற தண்ணீர்.

ஏரிக்கரைக்கு இரவில் எது வரும் என்று கேட்பதைவிட, எதை வைத்து அதைக் கூப்பிடுகிறோம் என்று பாருங்கள். வெள்ளை எல்.இ.டி. விளக்கைப் பக்கத்தில் வைத்தால் பூச்சி வரும். பூச்சிக்குத் தவளை வரும், தவளைக்குப் பாம்பு வரும். மழை விட்ட இரவில் ஈசல் கிளம்பினால் இது அரைமணி நேரத்தில் நடந்துவிடும். வெளிச்சம் வேண்டுமானால் விளக்கைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி ஒரு குச்சியில் கட்டிவிட்டு, நீங்கள் அந்த வட்டத்துக்கு வெளியே உட்காருங்கள். முள் கட்ட, புழு மாட்டச் சிவப்பு வெளிச்சம் போதும், அதற்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். நடக்கும்போது கையில் வேறு டார்ச் இருக்கட்டும். நெற்றி விளக்கை மட்டும் நம்பினால், பேச்சு வாக்கில் தலை திரும்பியதும் கால் இருட்டில் போகும்.

கட்டம் போட்ட பாம்பு பெரும்பாலும் தண்ணிப்பாம்பாகத்தான் இருக்கும், நீர்க்கோலி என்றும் சொல்வார்கள். மீனும் தவளையும்தான் அதன் சாப்பாடு. மீன் துண்டோ சிறு மீனோ மாட்டியிருந்தால் அதையும் விழுங்கும். விஷமில்லை, ஆனால் பிடித்தால் விடாமல் கடிக்கும், ரத்தம் நன்றாக வரும். விலாங்குக்குச் செவுளுக்குப் பின்னால் இரண்டு சிறு துடுப்பு உண்டு, முதுகில் வால் வரைக்கும் துடுப்பு ஓடும், உடம்பெல்லாம் வழவழப்பு. பாம்புக்குத் துடுப்பே கிடையாது. கண்ணாடிவிரியனின் முதுகில் இருப்பது கட்டமல்ல, சங்கிலி மாதிரி கோத்த முட்டை வடிவங்கள், மூன்று வரிசை. இத்தனையும் பகலில் பார்க்க நன்றாக இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் துள்ளும் பாம்பைப் பார்த்து இன்னது என்று முடிவு கட்டி யாரும் கையை நீட்ட வேண்டாம்.

மாட்டியதைத் தொங்கவிடாமல் தண்ணீர் ஓரத்தில் இறக்கி, கழி நீளத்துக்கு விலகி நின்று விடுவிக்கவேண்டும். இதற்கு முன்கூட்டியே ஒரு ஏற்பாடு செய்யலாம். பெரிய நரம்பு 0.35 மி.மீ. என்றால், முள் கட்டும் கடைசி ஒரு முழம் மட்டும் 0.25 மி.மீ. போடுங்கள். வேண்டாதது மாட்டினால் கழியை அதன் பக்கம் நேராக நீட்டி, நரம்பைத் துணி சுற்றிய கையால் நிதானமாக இழுத்தால் மெல்லிய பகுதிதான் அறும். பத்தடி நரம்பு அதன் உடம்பில் தங்காது. அறும்போது ஈயக்குண்டு திருப்பி அடிக்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். எப்போதாவது பெரிய விரால் அறுத்துக்கொண்டு போகும், போகட்டும். முள் நுனியில் பின்னோக்கி நீட்டியிருக்கும் எதிர்முனையையும் குறட்டால் நசுக்கிவிடுங்கள். நரம்பைத் தளரவிடாமல் இழுத்தால் மீன் அவ்வளவாகத் தப்பாது, மற்றவற்றைக் கழற்றுவது பாதி வேலையாகிவிடும்.

ஆமை விஷயத்தில் முள்ளைப் பிடுங்காமல் விட்டது சரி. விழுங்கிய முள்ளை இழுத்தால் உணவுக்குழாய் கிழியும். உங்கள் ஏரிகளில் அதிகம் சிக்குவது பால் ஆமை. கழுத்து நீளம், பக்கவாட்டில் திருப்பிக் கடிக்கும், அதனால் ஓட்டின் பின்பாதியை இரு பக்கமும் பிடிக்கவேண்டும். முள் உதட்டில் இருந்தால் நீள மூக்குக் குறட்டால் வந்த வழியே திருப்பி எடுக்கலாம். உள்ளே போயிருந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கால்நடை மருத்துவர் எடுக்க வசதியாக இரண்டடி நரம்பை விட்டுவைக்கலாம். அதற்கு வழியே இல்லாத இடத்தில் மட்டும் வாயை ஒட்டி அறுத்து விடுவது. கறிக்கு என்று யாராவது கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். பால் ஆமை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குக் குறையாமல் சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாமல் அபராதம். ஆமை சிக்காமலிருக்க, இரையைத் தரையில் கிடக்கவிடாமல் தக்கையைச் சரிசெய்து ஒரு சாண் மேலே நிறுத்துங்கள். குடலுக்குப் பதில் மண்புழு. போட்டுவிட்டுத் தூங்கப் போகும் தூண்டில்தான் அதிகம் ஆமையைக் கொல்கிறது, மூச்சுக்கு மேலே வர முடியாமல்.

இனிக் கரையில் இருக்கிற பாம்புகள். கரைமேல் பாய் விரித்துப் படுப்பதை முதலில் நிறுத்துங்கள். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும், தரையில் படுத்தவர்களைத்தான் அதிகம் கடிக்கும். கடி எறும்பு கடித்த மாதிரி இருக்கும், சிலருக்கு அதுகூடத் தெரியாது. வீக்கமும் வராது. சில மணி நேரத்தில் வயிற்றுவலி, கண் இமை சரிவது, எச்சில் விழுங்க முடியாமல் போவது, பிறகு மூச்சுத் திணறல். அஜீரணம் என்று சோடா குடிக்கவைத்து இழந்த உயிர்கள் உண்டு. கண்ணாடிவிரியன் புல்லிலும் வைக்கோலிலும் அசையாமல் கிடக்கும். கழி தட்டிக்கொண்டு போனால் பாம்பு விலகும் என்பது சாரைக்கும் நல்ல பாம்புக்கும் ஓரளவு சரி, இது நகராமலே இருந்துவிடும். காய்ந்த கல்லாங்குத்துக் கரைகளில் சுருட்டைவிரியன். ஆகவே முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், மடக்கு நாற்காலி, வாயை இறுக்கி மூடும் பை. செருப்பைக் கழற்றி வைத்தால் உதறிப் போடுங்கள்.

கடித்துவிட்டால் கட்டக்கூடாது, கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது. மோதிரம், கயிறு, கொலுசு எல்லாம் கழற்றி, கையோ காலோ அசையாமல் தூண்டில் கழியையே சிம்பாக வைத்துத் தளர்வாகச் சுற்றி, 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வர முடியாத இடமென்றால் பைக்கில் கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளவேண்டும். மூன்று பேராகப் போவது நல்லது என்பதற்கு இதுவே போதுமான காரணம். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பை அடித்து எடுத்துப் போகவேண்டாம், இங்கே கொடுக்கும் விஷமுறி மருந்து மேலே சொன்ன மூன்றுக்கும் நல்ல பாம்புக்கும் சேர்த்தே செய்தது. குடியாத்தம் அரசு மருத்துவமனை உங்களுக்குப் பக்கம். மூச்சு சிரமப்பட்டால் வென்டிலேட்டர் வேண்டும், அதற்கு வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது சி.எம்.சி. ஒன்றும் தெரியவில்லை என்று திரும்பி வந்துவிடாமல் 24 மணி நேரம் அங்கேயே இருங்கள்.

பாம்பைப் பற்றி இவ்வளவு பயப்படுகிறவர்கள் தேளி மீனை வெறுங்கையால் பிடிப்பார்கள்! மார்புத் துடுப்பில் இருக்கும் முள் குத்தினால் தோள் வரை வலி ஏறும். பொறுக்கும் சூட்டில், சுமார் 45 டிகிரி வெந்நீரில், முக்கால் மணி நேரம் முக்கி வைத்தால் வலி நன்றாகக் குறையும். சூட்டைக் குத்துப்படாத கையால் பாருங்கள், வலிக்கிற கைக்குச் சூடு தெரியாமல் வெந்துவிடும். டீ பிளாஸ்க்கோடு வெந்நீர் பிளாஸ்க் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். பிறகு டி.டி. ஊசி.

மோர்தானாவுக்குப் போகவேண்டாம் என்பது என் கருத்து. வற்றும் காலத்தில் மீன் ஒதுங்கி ஓரிடத்தில் கிடைக்கும்தான், ஆனால் யானையும் அதே மிச்சத் தண்ணீருக்குத்தான் வருகிறது. 1980களில் யானைகள் வந்து தங்கியதால்தான் எல்லைக்கு அப்பால் ஆந்திர அரசு 1990இல் கவுண்டின்யா சரணாலயத்தை அறிவித்தது. அங்கிருந்து வரும் கவுண்டின்யா ஆறுதான் மோர்தானாவுக்கும் தண்ணீர் தருகிறது. சுற்றிலும் காப்புக்காடு, அனுமதியில்லாமல் இரவில் நுழைவதே குற்றம். சிறுத்தையும் உண்டு. 2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் காட்டோரத்தில் ஓர் இளம்பெண்ணைச் சிறுத்தை கொன்றது.

காட்டை ஒட்டிய ஊர் ஏரிகளுக்கும் சில பழக்கங்கள் வேண்டும். நாயைக் கூட்டிப் போகாதீர்கள், சிறுத்தைக்கு அது இரை. குனிந்து மீன் கழுவுகிறவர் பின்னால் ஒருவர் நிற்கட்டும். மீன் குடலைக் கரையில் வீசினால் நரியும் பன்றியும் வரும், மூடி போட்ட டப்பாவில் வைத்து எடுத்து வாருங்கள். நடக்கும்போது சாதாரணமாகப் பேசிக்கொண்டே போங்கள், கரடியும் பன்றியும் திடீரென்று எதிர்ப்பட்டால்தான் பாய்கின்றன. ஆனால் கிளை முறியும் சத்தம் கேட்டாலோ சூடான யானை லத்தி கண்டாலோ பேச்சை நிறுத்தி, டார்ச்சை அதன்மேல் அடிக்காமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள். ஆள்காட்டிக் குருவி ஓரிடத்தில் விடாமல் கத்தினால் அங்கே ஏதோ நடக்கிறது. “க்வாக்” என்று தலைக்கு மேல் தொண்டை கரகரப்பது வக்கா என்னும் இராக்கொக்கு, அதற்குப் பயப்பட வேண்டாம். தெரியும் கண்ணின் நிறத்தை வைத்து மிருகத்தைச் சொல்வது சரிவராது. தரையிலிருந்து எவ்வளவு உயரம், இரண்டு கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். மண்பாதையில் தணல் மாதிரி ஒட்டிக் கிடப்பது பக்கிப் பறவையாக இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. திரும்பும்போது கழனிக்குள் குறுக்கே நடக்காதீர்கள். காட்டுப்பன்றிக்காக நிலக்கடலை, கரும்புக் கொல்லைகளைச் சுற்றிச் சிலர் திருட்டு மின்சாரத்தில் வெறும் கம்பி கட்டுகிறார்கள். முழங்கால் உயரத்துக்கும் கீழே இருக்கும், டார்ச்சில் தெரியாது. ஈரக் காலோடு போகிறவருக்கு ஒரு தொடுதல் போதும். அரைமைல் சுற்றினாலும் ஏரிக்கரை வழியாகவே வந்து மதகடியில் இறங்குங்கள், வண்டியையும் அங்கேயே, போகும் பக்கம் திருப்பி நிறுத்துங்கள்.