மலையை மொட்டையடித்தது யார்?

கேள்வி: 'மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு' என்று எங்கள் வேலூரைச் சொல்வார்கள். இந்த ஊர் எப்போதுமே இப்படித்தான். இதற்குப் போய்க் காடழிப்பு என்று பெயர் வைத்துப் பெரிதாகப் பேசுகிறார்கள். அப்படியே அழிந்திருந்தாலும், அழித்தவர்கள் ஜவ்வாது மலைக்காரர்கள்தானே? அவர்களைக் கீழே இறக்கிவிட்டு மரக்கன்று நட்டால் எல்லாம் சரியாகிவிடும். எங்கள் குடியிருப்போர் சங்கமும் வரும் மழைக்காலத்தில் பக்கத்து மலையில் கன்று நடப்போகிறது. சரிதானே?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: சரியில்லை. கன்று நட வேண்டும் என்ற உங்கள் ஆசை நல்லது, அதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் மலைக்காரர்கள் மேல் நீங்கள் ஏற்றிய பழியைப் பேசியாக வேண்டும்.

உங்கள் ஊர் ரயில் பாதையிலிருந்தே தொடங்கலாம். 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணி ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் பாதை காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை என்று மேற்கே நீண்டது. தண்டவாளத்துக்கு அடியில் போட ஸ்லீப்பர் கட்டைகள் வேண்டும். இன்ஜின் கேட்டது அதைவிட அதிகம். அந்தக் காலத்து மெட்ராஸ் ரயில்வேயில் வண்டிகள் விறகை எரித்துத்தான் ஓடின. மாட்டுவண்டி போய்த் திரும்பும் தூரத்தில் இருந்த காடுகள்தான் முதலில் போயின. அதே 1856-ல்தான் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மருத்துவரைத் தலைமை வனப் பாதுகாவலராக்கி மெட்ராஸ் மாகாணத்தில் வனத்துறையைத் தொடங்கினார்கள். வெட்டக் கேட்டதும் காக்கச் சொன்னதும் ஒரே அரசு.

1882-ல் மெட்ராஸ் வனச் சட்டம் வந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேனும் கடுக்காயும் எடுத்துவந்தவர்கள் தங்கள் காட்டிலேயே அனுமதி கேட்டு நிற்க வேண்டியதாயிற்று. கூப்பு, அதாவது வெட்டுவதற்கென்று பிரித்த காட்டுப் பகுதியை ஏலம் எடுத்த ஒப்பந்தக்காரர் முறையான சீட்டோடு வெட்டினார். இதில் மலைக்காரர் எங்கே வருகிறார்? கூலிக்குக் கோடாரி பிடித்த இடத்தில் வருகிறார்.

சந்தனத்தைப் பாருங்கள். ஜவ்வாது மலைச் சந்தனத்துக்காகத் திருப்பத்தூரில் அரசுக் கிடங்கே இருக்கிறது. அவ்வளவு மரம் இறங்கிய மலை அது. சந்தனத்தில் எண்ணெய் வேரிலும் நிறைய இருக்கும். அதனால் மற்ற மரங்களைப் போல அடிக்கட்டையை விட்டு வெட்டமாட்டார்கள், வேரோடு தோண்டுவார்கள். சரிவில் ஒரு மரத்தைத் தோண்டி எடுத்தால் அந்த இடத்து மண்ணும் அடுத்த மழைக்கு இறங்கிவிடும். இன்னொன்று, சந்தனம் தனியாக வளராது. அதன் வேர் பக்கத்துச் செடியின் வேரைப் பற்றி அங்கிருந்து நீரும் சத்தும் எடுக்கும். சுற்றியிருக்கும் காடு போனால் சந்தனமும் நிற்காது. அப்புறம் சட்டம். சொந்தப் பட்டா நிலத்தில் தானாக முளைத்திருந்தாலும் சந்தன மரம் அரசுக்கே என்ற நிலை 2002-ல்தான் தமிழ்நாட்டில் மாறியது. அதுவரை வேலியோரம் சந்தனக் கன்றைக் கண்ட விவசாயிக்கு அது வம்பு. அதை அவர் எதற்கு வளர்ப்பார்?

2015 ஏப்ரல் 7-ம் தேதி சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேரை ஆந்திர போலீஸ் சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களிலிருந்து கூலிக்குப் போனவர்கள். செம்மரத்தை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். ஒரு தோட்டாவும் அவர்கள் பக்கம் போகவில்லை. அந்தக் குடும்பங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது. அவர்களையா கீழே இறக்கச் சொல்கிறீர்கள்?

மலைவாசிகளுக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சாமை விதைக்கக் காட்டைத் திருத்தியிருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறார்கள், புதுப்புல்லுக்காகத் தீ வைப்பவர்களும் உண்டு. ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர் என்று கீழே இருக்கும் நாம் எரித்த விறகு, கட்டிய வீட்டின் மரம், செங்கல் சூளைக்குப் போன லோடு, கல் குவாரிக்காக உடைத்த குன்று, இவற்றைக் கணக்கில் சேர்க்காமல் மேலே மட்டும் விரல் நீட்டுவது அநியாயம். தோல் பதனிடக் குரோமியம் வருவதற்கு முன் நம் தொழிற்சாலைகள் ஆவாரம்பட்டையில்தான் ஓடின. அந்தப் பட்டையும் இந்தப் புதர்க்காடுகளில் உரித்ததுதான்.

'எப்போதுமே இப்படித்தான்' என்கிறீர்கள். கோட்டையைச் சுற்றி நிற்கும் குன்றுகளில் பாறை அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அமிர்திக்குப் போய்வாருங்கள். ஜவ்வாது மலையின் அடிவாரத்தில், காப்பாற்றி வைத்த இடத்தில் காடு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். நீங்கள் சொன்ன அதே பேச்சில் 'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்' என்றும் வரும். ஜலகண்டேஸ்வரர் 1981-ல் கோட்டைக்குள் இருக்கும் தன் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். ஊர் மனது வைத்ததால் நடந்தது அது. மலையை மட்டும் ஏன் தலைவிதி என்று விடவேண்டும்?

இனி விளைவுக்கு வருகிறேன். நம் பக்கம் ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்னாக மழை பெய்கிறது. பாலைவனத்து மழை இல்லை இது. நமக்குக் குறைவது அதைப் பிடித்து வைக்கும் இடம். காட்டில் இலைகள் மழையின் வேகத்தைக் குறைக்கும், தரையில் கிடக்கும் சருகு தண்ணீரை நிறுத்தும், வேர் போன வழியே அது உள்ளே இறங்கும். சில மாதங்கள் கழித்து ஊற்றாகவும் ஓடையாகவும் வெளியே வரும். மொட்டைச் சரிவில் ஓட்டுக்கூரையில் விழுந்த மழை மாதிரி அத்தனையும் உடனே கீழே ஓடிவிடும். போகும்போது மேல்மண்ணையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த மண் ஏரியில் படியும். ஏரியின் ஆழம் குறையும், கொள்ளளவு குறையும், ஆயக்கட்டின் கடைசி வயலுக்குத் தண்ணீர் எட்டாது. மழைக்காலத்தில் காட்டாற்று வெள்ளம், பங்குனியில் வறண்ட கிணறு. இரண்டுக்கும் மூலம் அதே மொட்டைச் சரிவு.

பாலாறு வறண்டதற்குக் காடு மட்டுமே காரணம் என்று சொன்னால் அது பொய். மணல் அள்ளியது, மேலே கட்டிய தடுப்பணைகள், ஆயிரம் அடிக்குப் போகும் போர்வெல்கள், எல்லாம் சேர்ந்துதான் ஆற்றை இப்படி ஆக்கின. ஆனால் மணலை அள்ளியவரைத் திட்டுகிற நாம், பாலாற்றின் துணையாறுகள் பிறக்கும் சரிவுகளைப் பற்றி வாய் திறப்பதே இல்லை.

யானையும் இதில் வருகிறது. 1980-களில் ஓசூர், கிருஷ்ணகிரி பக்கத்துக் காடுகளிலிருந்து யானைகள் ஆந்திர எல்லைக்கு நகர்ந்தன. அவற்றுக்காகவே 1990-ல் கவுண்டின்யா சரணாலயம் அமைந்தது. அதை ஒட்டிய பேரணாம்பட்டு, குடியாத்தம் விவசாயிகள் மாந்தோப்பிலும் வாழையிலும் இரவுக் காவல் இருக்கிறார்கள். காடு துண்டு துண்டானால் அந்தத் துண்டுகளுக்கு நடுவே இருக்கும் நிலம்தான் யானையின் பாதை.

உலகக் கணக்கும் வேறு கதை சொல்லவில்லை. 1990-லிருந்து 2020 வரை 42 கோடி ஹெக்டேர் காடு போயிருக்கிறது என்கிறது ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பு. பெரும்பகுதி பயிருக்கும் மேய்ச்சலுக்கும் நிலம் திருத்தியதால் போனது. அதில் மாட்டிறைச்சி, சோயா, பாமாயில் போன்ற சந்தைப் பொருள்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இப்போது உங்கள் கன்றுகள். நீங்கள் நினைத்திருக்கும் மலை காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி இல்லாமல் குழிகூடத் தோண்டக் கூடாது. அனுமதி கிடைத்தாலும், பாறைச் சரிவில் நட்ட கன்றுக்குச் சித்திரை வெயிலில் தண்ணீர் சுமக்கப்போவது யார்? நம் பக்கத்து மரங்கள் பலவும் வெட்டிய கட்டையிலிருந்தே மறுபடி துளிர்க்கும் ஜாதி. மண்ணுக்குள் வேர் உயிரோடு இருக்கும் வரை காட்டுக்கு நம் கன்று தேவையில்லை. ஆண்டுதோறும் எழும் துளிரை ஆடு கடிக்காமலும் தீ பொசுக்காமலும் சில ஆண்டுகள் காத்தால் போதும். இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மலையிலும் அடிவாரத்திலும்தான் இருக்கிறார்கள். காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் ஊருக்குப் பொது உரிமை தரும் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தை முழுதாக நடைமுறைப்படுத்தச் சொல்லி உங்கள் சங்கம் மனு கொடுத்தால், பத்தாயிரம் கன்றைவிட அது பெரிய காரியம்.

கணியம்பாடி பக்கம் நாகநதியைப் போய்ப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் நூறுநாள் வேலையில் நீர்செறிவுக் கிணறுகள் இறக்கி, வறண்டு கிடந்த அந்த ஆற்றில் மறுபடி தண்ணீர் பார்த்தார்கள். அவர்களிடம் பேசிவிட்டு வந்து சங்கக் கூட்டம் போடுங்கள்.

கன்றுக்கு ஒதுக்கிய பணத்தைத் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி புல்லும் சருகும் நீக்கிய பட்டை) வெட்டவும், மாசி முதல் வைகாசி வரை அடிவாரத்து இளைஞர்கள் நான்கு பேரைக் காவலுக்கு வைக்கவும் தரலாம். அதற்கு மாவட்ட வன அலுவலரின் ஒப்புதல் வேண்டும். மனுவைக் கார்த்திகைக்குள் கொடுத்துவிடுங்கள். தை முடிந்தால் மலையில் புல் காயத் தொடங்கிவிடும்.